பெண் பார்க்கப் போன நாவல்

என் தங்கை அருள்மொழி ஒரு நாவல் எழுதினாள். அதனால் எனக்குக் கல்யாணம் நின்றது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களில் யாராவது முப்பத்திரண்டு வயதில் பெண் கிடைக்காமல் அலைந்திருந்தால் சொல்லுங்கள், அவரோடு உட்கார்ந்து நானும் சிரிக்கிறேன்.

நாவலின் பெயர் 'நெருப்புக்கு அந்தாண்டை'. ஜனவரியில் புத்தகக் கண்காட்சியில் வந்தது. அருள்மொழி அம்பத்தூரில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். யார் யாரோ போன் போட்டுத் திட்டுவதை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் கம்பெனி வண்டியில் போனிலேயே தட்டித் தட்டி எழுதியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இவள் காதலனோடு சாட் செய்கிறாள் என்று நினைத்தார்களாம். அப்படி இருந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்காது.

கதை எங்கள் கதைதான். ஆவடி பக்கம் சேக்காட்டில் ஒரு குடும்பம். தொழிற்சாலைக்குப் போகிற அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். பையனுக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. அம்மா தீ மிதிப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறாள். ஆடி மாதம், மஞ்சள் புடவையோடு, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு நெருப்பில் இறங்குகிறாள். எதிர்ப்பக்கம் நின்ற பையன் "அம்மா" என்று கத்துகிறான். இதுவரைக்கும் எங்கள் வீட்டில் நடந்ததுதான், எங்கள் தெருவே சாட்சி. அந்தப் பையன் நான். வெற்றிச்செல்வன் என்ற என் பெயரை ஜெயச்செல்வன் என்று மாற்றியிருந்தாள். எவ்வளவு பெரிய மறைப்பு பாருங்கள்.

இதோடு விட்டிருந்தால் வம்பில்லை. இவள் இரண்டு விஷயம் சேர்த்துவிட்டாள். ஒன்று, அந்தப் பையன் தீமிதிக்கு முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தான். ஆனால் தன் குட்டித் தங்கையிடம் மட்டும், கட்டிலுக்கு அடியில், ரயில் விளையாட்டு விளையாடும்போது. இரண்டு, தீ மிதித்த அம்மாவின் கால் சுட்டுப் புண்ணாகிவிட்டது.

"ஏண்டி, இதெல்லாம் எங்க புடிச்ச?" என்று கேட்டேன்.

"எனக்கு ஞாபகம் கீதுண்ணா."

"உனக்கு அப்ப மூணு வயசு. மூக்கத் தொடைக்கத் தெரியாது உனக்கு. ஞாபகமாம்!"

எனக்கோ தீமிதிக்கு முந்திய எதுவும் நினைவில் இல்லை. பம்பைச் சத்தம், முகத்தில் அடித்த அனல், அப்பாவின் வியர்த்த கை, அவ்வளவுதான். ஏன் பேசாமல் இருந்தேன் என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அப்பா இப்போது இல்லை, அவரையும் கேட்க முடியாது.

புத்தகம் வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. இணையத்தில் ஒருவர், "குடும்பத்தைச் சொல்லும் இடங்களில் கண்ணீர் வந்தது, அற்புதத்தைச் சொல்லும் இடத்தில் கொட்டாவி வந்தது" என்று எழுதினார். இன்னொருவர், "தீ மிதித்தால் பேச்சு வருமா? இளம் எழுத்தாளர் மூடநம்பிக்கைக்கு முட்டுக் கொடுக்கிறார்" என்று கொதித்தார். அதற்கு நேர் கீழேயே மூன்றாமவர், "அம்மன் செய்த அற்புதத்தை இந்தப் பெண் கொச்சைப்படுத்திவிட்டார்" என்று பொங்கினார். ஒரே புத்தகம்தானே படித்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். அருள்மொழி ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக் கட்டில்மேல் குதித்தாள். "திட்டுறாங்கண்ணா! திட்டறதுக்கும் படிச்சிருக்கணும் இல்ல!"

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கூடப் புத்தகம் வந்துவிட்டது. என் லைனில் வேலை பார்க்கும் சரண் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "மாமே, ஆறு வருசம் பேசாமலா கீந்த? அப்ப இன்னிக்கி நீ எங்க காதுல ஊத்துறதெல்லாம் அந்த அரியர்ஸா?"

எங்கள் தெருக் கோயில் தர்மகர்த்தா வேம்புலி வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். "ஒரு கொப்புளம் இல்லாம நடந்தவங்க உங்கம்மா. நான் கண்ணால பாத்தவன். உந்தங்கச்சி எவன் பேச்சக் கேட்டுகினு கால் சுட்டுச்சுன்னு எழுதுறா?" அவர் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே, 'நாவல் புகழ் அம்மன் ஆலயம்' என்று தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கட்டியது அவர் மருமகன்.

திருநின்றவூரிலிருந்து ஒரு பெண் தன் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்குப் பேச்சில்லை. நான் அந்தக் குழந்தையின் தலையில் கை வைக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் இன்னா சாமியாம்மா? போல்ட்டு அளவு பாக்கறவன்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்து அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். அவளை அடுப்பங்கரைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். வெளியே வந்தபோது அந்தப் பெண் அழுதிருந்தாள், சிரிக்கவும் சிரித்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "பொம்பளைங்க பேச்சு, உனக்கெதுக்கு?" என்றாள் அம்மா.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். அம்மாவின் பெயர் தாயம்மா. ஐந்தாவது வரை படித்தவள். மத்தியானம் வேலையெல்லாம் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டி, உதடு அசைய நாவலைப் படிப்பாள். நிறுத்திய இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைச் செருகி வைப்பாள். அந்த அட்டை நாளுக்கு நாள் தீமிதி அத்தியாயத்தை நோக்கி நகர்ந்தது. என் மகன் ஏற்கெனவே பேசினான், நான் நெருப்பில் இறங்கியது வீண் என்று அம்மா அந்தப் பக்கத்தில் படித்தால் என்ன ஆகும்? இருபத்தாறு வருஷமாக அவள் கட்டிக் காத்த ஒரே அற்புதம் அது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அருள்மொழியும் அட்டையைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள்.

இதற்கிடையில்தான் கல்யாணங்கள் நின்றன. திருமுல்லைவாயிலில் பார்த்த பெண்வீட்டார், "பேச்சு வராத வம்சமாமே" என்று பின்வாங்கினார்கள். அவர்களுக்கு அற்புதத்தில் நம்பிக்கையில்லை. அம்பத்தூரில் பார்த்த இடத்தில், "ஆத்தாவையே கிண்டல் பண்ண ஊடு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு நம்பிக்கை அதிகம். இரண்டு பக்கமும் அடி வாங்கியது மத்தளம் இல்லை, நான்.

மூன்றாவதாகப் பூந்தமல்லியிலிருந்து வந்தது சிம்ரனின் ஜாதகம். ஆமாம், பெயர் அதுதான். இரண்டாயிரத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் வேறென்ன பெயர் வைத்திருப்பார்கள்? ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அனுப்பியிருந்த படத்தில் கண்ணை இறுக்கி மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண்பார்க்க இப்படி ஒரு படத்தை அனுப்புகிறார்கள் என்றால் நல்ல வீடாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. இந்த இடமும் கைவிட்டுப் போனால் தாங்கமாட்டேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஆனி முடியப் போகிறது, ஆடி பிறந்தால் பேச்செடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். நான் அருள்மொழியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீ வராத. உன் புக்கப் பத்தி யாரும் மூச்சு உடக்கூடாது."

"கூடப் பொறந்தவ வரலன்னா இன்னா நெனைப்பாங்க?" என்றாள் அம்மா. "அவ வருவா. மூஞ்சக் கழுவிகினு கெளம்பு."

ஆட்டோவில் பருத்திப்பட்டு தாண்டிப் போகும்போது அருள்மொழி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போனில் மட்டும் டிங் டிங் என்று விமர்சனங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டிகள் முட்டி நிற்க, என் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சிம்ரனின் அப்பா தட்சிணாமூர்த்தி லேத் பட்டறை வைத்திருப்பவர். அம்மா ஞானம்மாள். வாசலிலேயே வந்து, "வாங்க வாங்க" என்று நல்ல மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஹாலில் உட்கார்ந்தேன். டீப்பாய்மேல் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, மிக்சர். மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் 'நெருப்புக்கு அந்தாண்டை'. ஓரமெல்லாம் மடங்கி, உள்ளே மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுச் சீட்டுகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன். அருள்மொழிக்கோ, பாவி, அந்த நேரத்திலும் முகம் மலர்ந்துவிட்டது.

"பொண்ணு வாங்கியாந்தா," என்றார் தட்சிணாமூர்த்தி. "மூணு பேரும் படிச்சிட்டோம். எழுதனது இந்தப் பாப்பாதானே? நல்லா எழுதிக்கீறம்மா. அந்த அப்பன் ஷிப்ட் முடிஞ்சி வந்து சைக்கிள தொடைக்கிற எடம் கீது பாரு, எங்கப்பன நேர்ல பாத்தா மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த அற்புதம்தான் எனக்கு ஒத்துக்கல. நான் இரும்ப அறுக்கறவன். நெருப்புன்னா சுடும், அவ்ளோதான்."

"ஏன் ஒத்துக்காது?" என்று ஞானம்மாள் உள்ளே புகுந்தார். "கொழந்த அம்மான்னு கத்துற எடத்துல நான் விளக்கேத்திட்டுத்தான் மேல படிச்சேன். அம்மன் கொடுத்த வாக்கு அது. நடுவுல இந்தக் கட்டிலுக்கு அடியில பேசினான்னு எதுக்கு எழுதணும்? அங்கதான் எனக்கு மனசு ஆறல."

"அங்கதான் ஞானம் கதையே நல்லா கீது!"

"உங்களுக்கு சாமி இல்லன்னு யாராச்சும் சொன்னா போதும், பஜ்ஜிகூட எறங்கும்."

நான் பெண் பார்க்க வந்தவன் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. எங்கள் தெருவில் நடக்கிற அதே சண்டை இங்கே கேசரியோடு நடந்தது. அருள்மொழி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளேயிருந்து சிம்ரன் டீயோடு வந்தாள். சாம்பல் பச்சையில் புடவை, காதில் சின்ன ஜிமிக்கி. எனக்கு ஒரு கப் கொடுத்தாள். நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம். கம்பெனியில் நிறுத்தாமல் பேசுகிற இந்த வாய் அந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது. அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குப் புடிச்சது அந்த ரயில்தான்," என்றாள் அருள்மொழியிடம். "கட்டிலுக்கு அடியில ஒவ்வொரு ஸ்டேஷனா சொல்லுவானே. அத்த மட்டும் நாலு வாட்டி படிச்சேன்."

"அதாம்மா மேட்டரே," என்று தட்சிணாமூர்த்தி என் பக்கம் திரும்பினார். "தம்பி, மனசுல ஒண்ண வெச்சிகினு வெளிய ஒண்ணு பேச மாட்டேன். நாளைக்கு எங்களுக்குப் பேரப்புள்ளைங்க பொறக்கும். உங்களுக்குப் பேச்சு வராம இருந்துச்சா, இல்ல இந்தப் பாப்பா எழுதனா மாதிரி முன்னாடியே பேசினீங்களா? எது நெசம்?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்களுக்கே தெரியாதா? பாப்பா, நீ சொல்லு."

அருள்மொழி என்னை ஒரு தடவை பார்த்தாள். "எனக்கு ஞாபகம் கீது சார். ஆனா அண்ணன் இல்லன்னுது. அப்ப எனக்கு மூணு வயசு."

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான்," என்றார் அவர், அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் மாதிரி. "புக்கு பொய்யின்னா பையனுக்கு ஏதோ கோளாறு இருந்திருக்கு. புக்கு நெசம்னா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நீங்க வீணா போயி நெருப்ப மிதிச்சிக்கீறீங்க."

இதற்குத்தான் பயந்தேன். அம்மா அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. யாரோ ஒருவர் மிக்சர் தட்டுக்கு முன்னால் வைத்து அதை அவள் முகத்தில் போட்டு உடைத்துவிட்டார். எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. சிம்ரனாவது கிம்ரனாவது. டீ கப்பை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்கம்மா நெருப்புல எறங்கனது வீணா இல்லையான்னு நீங்க சொல்லத் தேவையில்ல. வாம்மா, போலாம். உன் பொண்ணு வேணாம், உன் பஜ்ஜியும் வேணாம்."

"நீ உக்காருடா," என்றாள் அம்மா.

கோபமே இல்லாத குரல். அவள் கையில் பாதி கடித்த பஜ்ஜி இருந்தது.

"உக்காருன்றேன்ல. அந்தப் பக்கத்த நான் எப்பவோ படிச்சிட்டேன். புக்கு வந்த வாரமே முழுசா முடிச்சிட்டேன். இப்பப் படிக்கிறது ரெண்டாவது வாட்டி."

நானும் அருள்மொழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை நாள் அந்தப் பொட்டு அட்டையைப் பார்த்து நடுங்கியிருப்போம்!

"இவ எழுதனது நெசம்தான் அண்ணாத்தே," என்று அம்மா தட்சிணாமூர்த்தியிடம் சொன்னாள். "இவன் அவகிட்ட பேசிகினுதான் இருந்தான். எனக்குத் தெரியும். ஒருநாளு கொழாயாண்டேந்து தண்ணி எடுத்துகினு வரேன், உள்ள ஏதோ ஆம்பளப்புள்ள கொரலு. யாரு ஊட்டுப் புள்ள வந்துகீதுன்னு எட்டிப் பாத்தா, கட்டிலுக்கு அடியில எம்புள்ள. 'பெரம்பூரு, வில்லிவாக்கம், கொரட்டூரு, எறங்கறவங்கல்லாம் எறங்கு'ன்றான். இவ கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறா. அவங்கப்பன் கூட ரயில்ல போயி வந்து எல்லாத்தையும் மனசுல வெச்சிகினு இருந்துருக்கான்."

அம்மா பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள்.

"கொடம் இடுப்புலயே கீது. உள்ள போனா நிறுத்திடுவான்னு வாசப்படியிலயே நின்னேன். வண்டி அம்பத்தூர் வந்துச்சு, திருமுல்லவாயிலு வந்துச்சு, அன்னனூரு வந்துச்சு. ஆவடி வந்தப்புறம்தான் உள்ள போனேன். என்னப் பாத்தான். வாய மூடிக்கினான்."

ஞானம்மாள் மெதுவாக, "அப்ப எதுக்குக்கா வேண்டிக்கினீங்க?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் வேண்டிக்கினேன். புள்ளைக்குப் பேச்சு குடுன்னு கேக்கல, அதான் குடுத்துட்டாளே. என்னாண்ட பேசட்டும், ஒரே ஒரு வார்த்தன்னு கேட்டேன். ஊரே ஊமப்புள்ளன்னுச்சு. நான் இல்லன்னு சொல்லல. எம்புள்ள பேசும், பெத்தவகிட்ட மட்டும் பேசாதுன்னு எந்த வாயால சொல்றது? வெக்கமா இருந்துச்சு. ஊமைன்னே இருந்துட்டுப் போட்டும்னு உட்டுட்டேன்."

இருபத்தாறு வருஷம். எல்லோரும் 'அம்மன் பேச வெச்ச புள்ள' என்று என் கன்னத்தைக் கிள்ளியபோதெல்லாம் இவள் பக்கத்தில் நின்று சிரித்தாளே, இதை உள்ளே வைத்துக்கொண்டா சிரித்தாள்?

தட்சிணாமூர்த்தி முன்னால் குனிந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. "கால் சுட்டுதாம்மா?"

"சுடாம? நெருப்புய்யா அது," என்றாள் அம்மா. "நடந்துகினே இருந்தா ஒண்ணும் ஆவாது. எல்லாரும் அப்டித்தான் நடந்தாங்க. நான் நடுவுல நின்னுட்டேன். எதிர்ல, நெருப்புலேந்து ஏறி கால நனைக்கிற பால்குழியாண்ட இவன் நிக்கிறான், அவங்கப்பன் கையப் புடிச்சிகினு. பம்ப அடி காதப் பொளக்குது. இவன் என்னயே பாத்துகினு, 'பாத்து வாம்மா'ன்னான். பெரிய மனுசன் மாதிரி. அந்தச் சத்தத்துல வேற யாருக்குக் கேட்டுச்சோ, எனக்குக் கேட்டுச்சு. நெருப்புல நிக்கிறோம்னே தெரியல. நான் ஏன் வரலன்னு பயந்துபோயி, அப்பறம்தான் அம்மான்னு கத்தினான். ஊருக்குக் கேட்டது அதுதான். பூசாரி வந்து கையப் புடிச்சி இழுத்து உட்டாரு."

இடது காலைச் செருப்பில்லாமல் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். உள்ளங்கால் ஓரத்தில் சுருங்கிப் பளபளக்கும் அந்தத் தழும்பை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கஞ்சி கொட்டிவிட்டது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

அருள்மொழி ஓவென்று அழுதுவிட்டாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் சும்மா யோசிச்சித்தாம்மா காலப் பத்தி எழுதனேன்" என்றாள்.

"அழுவாதடி. ரயில ஞாபகம் வெச்சிகினு கீறியே, அதுபோதும் எனக்கு. அந்த எடத்துக்குத்தான் ரெண்டாவது வாட்டி படிக்கிறேன். இவன் கொரல நான் வெளியேந்துதான் கேட்டேன். நீதான் உள்ளேந்து எழுதிக்கீற." பிறகு என்னைப் பார்த்தாள். "திருநின்றவூர்ப் பொண்ணாண்டயும் இதத்தான் சொன்னேன். டாக்டராண்ட கூட்டிகினு போ, அதோட உம்புள்ள யார்கிட்ட பேசுதுன்னு கதவாண்ட நின்னு கேளுன்னேன். நேத்து போன் பண்ணா. அது பூனகிட்ட பேசுதாம்."

ஞானம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அப்ப எம்பொண்ணக் குடுத்தா, மாமியாரு கதவாண்ட நின்னு ஒட்டுக் கேப்பாங்கன்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அருள்மொழி அழுதுகொண்டே சிரித்தாள். தட்சிணாமூர்த்தி நாவலை எடுத்து ஒரு பச்சைச் சீட்டை உருவிக் கையில் சுருட்டினார். "இதுல நான் என்னத்த சொல்றது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அம்மன்தான் பண்ணுச்சுன்னு ஒத்துக்க மாட்டேன். ஆனா ஒண்ணும் நடக்கலன்னும் சொல்ல முடியல."

"ஒத்துக்கங்க, ஒண்ணும் கொறஞ்சி போவாது," என்றார் ஞானம்மாள்.

"அப்பா, போதும்," என்றாள் சிம்ரன். "பொண்ணு பாக்க வந்தவர நீங்களே பாத்துகினு கீறீங்க." ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டாள். "வந்ததுலேந்து எல்லார்கிட்டயும் பேசிட்டீங்க. எங்கப்பாகிட்ட சண்டகூடப் போட்டாச்சு. என்னாண்ட ஒரு வார்த்த பேசல."

ஐந்து பேர் கண்ணும் என்மேல். நாக்கு மறுபடியும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் உதடு லேசாக அசைவதைப் பார்த்தேன். வேண்டிக்கொள்கிறாள்! இந்த வயதில் இன்னொரு தடவை நெருப்பில் இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயமே வந்துவிட்டது.

"பூந்தமல்லிக்கு ரயில் கெடையாது," என்றாள் சிம்ரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்க வண்டி இங்க எப்டி வரும்?"

"மெட்ரோ போடுறாங்க இல்ல," என்றேன்.

அவ்வளவுதான், அடைப்பு எடுத்தது. "குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர். இங்க பூந்தமல்லியில நிக்கிற தூணையெல்லாம் பாத்துகினுதான் வந்தேன். ஆவடிக்கும் ஒருநாள் இழுப்பாங்க. அதுவரைக்கும் பஸ்சு கீது. பஸ்சு இல்லன்னா பைக்கு கீது. பைக்ல வந்தா பருத்திப்பட்டு ஏரி ஓரமா காத்து நல்லா அடிக்கும், அங்க ஒரு கடையில மொளகா பஜ்ஜி போடுவாங்க பாருங்க, உங்கூட்டு பஜ்ஜியும் நல்லாத்தான் கீது, கோவத்துல வேணாம்னு சொல்ட்டேன், ஆனா அது..." நிறுத்த முடியவில்லை. ஆறு வருஷத்து அரியர்ஸ் என்று சரண் சொன்னது சரிதான் போலிருக்கிறது. சிம்ரன் கண்ணை இறுக்கி மூடிச் சிரித்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு, இப்போது சத்தத்தோடு.

கிளம்பும்போது தட்சிணாமூர்த்தி என் தோளைத் தட்டினார். "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம் தம்பி." எல்லாப் பெண்வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். போன இரண்டு வீட்டிலும் இதையே சொல்லித்தான் அனுப்பினார்கள். அருள்மொழியிடம் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். யார் பெயருக்கு என்று கேட்டதற்குத் தட்சிணாமூர்த்தி ஒரு பெயரும் ஞானம்மாள் ஒரு பெயரும் சொல்லி, அதற்கும் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. நான் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அருள்மொழி உள்ளே ஏறினாள். அம்மா ஒரு காலை ஆட்டோவில் வைத்தபோது சிம்ரன் கேட் வரைக்கும் ஓடி வந்தாள். கேட்டுக்கு வெளியே பெரிய பள்ளம், மெட்ரோ வேலைக்குத் தோண்டியது.

"பாத்து போங்கத்தே," என்றாள்.

அத்தே! எனக்கு உடம்பெல்லாம் பறை அடித்தது. கலந்து பேச இனி என்ன இருக்கிறது? பின்னால் வாசலில் நின்ற ஞானம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா ஒரு கால் ஆட்டோவிலும் ஒரு கால் தெருவிலுமாக அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன்மேல் ஹாரன் அடித்தது. அவள் காதில் அது விழவே இல்லை. கடைசியில் அருள்மொழிதான் கையைப் பிடித்து இழுத்து அவளை உள்ளே உட்கார வைத்தாள்.